பாக்டீரியாவுக்கு முழு மார்க், வைரஸுக்கு பாதிதான்: ஸ்கூல் பசங்களுக்கான நுண்ணுயிர் கிட் ரிவ்யூ

ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பசங்களுக்குன்னு போட்டு வர்ற நுண்ணுயிர் கிட் ஒண்ணை எங்க பொண்ணும் அவ ஃப்ரெண்ட்ஸும் முழுசா யூஸ் பண்ணி முடிச்சிருக்காங்க, அதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா இந்த மாதிரி கிட்டுக்கு வர்ற ரிவ்யூ எல்லாம் சூப்பர், பசங்களுக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, டெலிவரி ஃபாஸ்ட்ங்கிறதோட நின்னுடுது. பசங்களுக்கு கண்டிப்பா பிடிக்கும். பிடிச்சதுக்கு அப்புறம் அவங்க மனசுல என்ன தங்குச்சுங்கிறதுதான் எனக்கு முக்கியம். பாக்டீரியா வேற, வைரஸ் வேற, ரெண்டையும் கிருமின்னு ஒரே பேர்ல சொன்னாலும் ரெண்டும் அடிப்படையிலேயே ஒண்ணு கிடையாது. இந்த ஒரு விஷயம் தெளிவா புரிஞ்சுதுன்னா கிட் ஜெயிச்சிடுச்சு, புரியலைன்னா எத்தனை கலர் மாடல் குடுத்தும் பிரயோஜனம் இல்ல. அதை வச்சுதான் இந்த கிட்டைப் பார்க்கிறேன்.

பெட்டியில என்ன இருக்குன்னு சட்டுன்னு சொல்லிடறேன். மூடியோட பிளாஸ்டிக் பெட்ரி டிஷ், பாக்டீரியா வளர்க்கிற ஜெல்லி செய்யறதுக்கு அகார் பொடி பாக்கெட், கவர்ல சீல் பண்ணின பஞ்சுக் குச்சிங்க, பிளாஸ்டிக் பாடி போட்ட மைக்ராஸ்கோப், கண்ணாடி ஸ்லைடு, கவர் ஸ்லிப், மெத்திலீன் புளூ சாயம் ஒரு சின்ன பாட்டில், பிரிச்சு மாட்டுற மாதிரி பாக்டீரியா மாடல் ஒண்ணு, வைரஸ் மாடல் ரெண்டு, நோய், மருந்து, தடுப்பூசின்னு பேர் போட்டு கேம் மாதிரி விளையாடற கார்டு கட்டு, கிளவுஸ், செய்முறை புக்லெட். பேக்கிங் நல்லாவே இருந்துச்சு, எதுவும் உடையல. கிளவுஸ் மட்டும் பெரியவங்க சைஸ், பசங்க கைல தொளதொளன்னு கழண்டுடுது.

இதுல அடிச்சு சொல்லலாம், பெஸ்ட் பகுதி அகார் தட்டுதான். பொடியை தண்ணில போட்டு நல்லா கொதிக்க வச்சு கரைச்சு, கொஞ்சம் ஆறவிட்டு, கை பொறுக்கிற சூடு வரும்போது டிஷ்ல ஊத்தி மூடி வச்சுட்டா அதுவே கெட்டியாகிடும். அகாரோட குணமே அதுதான், கரையறதுக்கு கிட்டத்தட்ட 85 டிகிரி வேணும், ஆனா ஒரு தடவை உருகிட்டா 40 டிகிரிகிட்ட இறங்குற வரைக்கும் கட்டியாகாது, கட்டியானதுக்கு அப்புறம் உடம்பு சூட்டுக்கு எல்லாம் அசையாது. ரொம்ப சூடா ஊத்தினா மூடியில ஆவி படிஞ்சு சொட்டு சொட்டா தட்டுல விழும், கொஞ்சம் பொறுமை வேணும். தட்டை தலைகீழா கவுத்து வைக்கணும்னு புக்லெட்ல சொல்லி, ஏன்னும் விளக்கியிருக்காங்க, மூடியில படியற தண்ணி கீழ விழுந்து பாக்டீரியாவை எல்லாப் பக்கமும் பரப்பிடக்கூடாதுன்னுதான். காரணத்தோட சொன்ன இந்த ஒரு வரிக்காகவே எழுதினவங்க மேல எனக்கு மரியாதை வந்துச்சு, பல கிட்ல "இப்படிச் செய்"னு மட்டும்தான் இருக்கும்.

அதே புக்லெட்ல அரைப் பக்கத்துக்கு அகார் வந்த கதையும் இருக்கு, அதையும் பாராட்டணும். 1880-கள் ஆரம்பத்துல ஜெர்மன் பாக்டீரியா விஞ்ஞானி ராபர்ட் காக்கோட லேப்ல ஜெலட்டின் மேலதான் பாக்டீரியா வளர்த்துட்டு இருந்தாங்க, ஆனா அது உடம்பு சூட்டுலயே உருகிடும், சில பாக்டீரியா அதையே கரைச்சு தின்னுடும். அங்க வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸியோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸிதான் சமையல்ல ஜெல்லிக்குப் போடற அகாரை யூஸ் பண்ணிப் பாருங்கன்னு யோசனை சொன்னாங்க. 1887-ல ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி மூடி போட்ட இந்தத் தட்டை கொண்டு வந்தார். இன்னிக்கும் உலகம் முழுக்க லேப்ல இதே ரெண்டும்தான் ஓடுது. ஒரு பெண்ணோட யோசனைலதான் இவ்வளவும் நடந்துச்சுன்னு படிச்சப்போ எங்க பொண்ணு முகத்துல வந்த சந்தோஷத்தை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்.

அப்புறம் சோதனை. டிஷ்ஷோட அடிப்பக்கம் மார்க்கர்ல நாலு பாகமா கோடு போட்டு, ஒண்ணுல கழுவாத விரல், ஒண்ணுல சோப்பு போட்டு கழுவின விரல், ஒண்ணுல மொபைல் ஸ்கிரீன் துடைச்ச பஞ்சு, நாலாவதுல எதுவுமே தொடாத புது பஞ்சு. அந்த நாலாவது பாகத்தைத்தான் பசங்க வீண்னு நினைக்கிறாங்க, ஆனா மொத்த சோதனையும் அதை நம்பித்தான் நிக்குது, அதுலயும் வளர்ந்துட்டா தட்டோ பஞ்சோ ஏற்கனவே அசுத்தமா இருந்திருக்குன்னு அர்த்தம், மத்த மூணு பாகத்தையும் நம்ப முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணு வேணுங்கிற இந்தப் பழக்கம் இந்த வயசுலயே வந்துட்டா எவ்வளவு நல்லது. கிட்ல அதைக் கட்டாயமாவே வச்சிருக்காங்க.

ரெண்டு மூணு நாள்ல தட்டுல புள்ளி புள்ளியா வந்துடும். கிட்ட வச்சுப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி, பால் வெள்ளையில பளபளன்னு வட்டமா ஒண்ணு, வெளிர் மஞ்சள்ல குட்டியா கும்பலா சிலது, ஓரம் நெளிநெளியா தட்டையா படர்ந்தது ஒண்ணு. இந்த ஒரு புள்ளிக்கு காலனின்னு பேரு, பெரும்பாலும் ஒரே ஒரு செல்லோ இல்ல ஒட்டிக்கிட்டிருந்த சில செல்லோ விழுந்த இடத்துல ரெண்டா நாலா எட்டா பிரிஞ்சு பிரிஞ்சு வந்த கூட்டம்தான் அது. ஈ.கோலை மாதிரி ஒரு பாக்டீரியாவுக்கு சாப்பாடு, சூடு, ஈரம் எல்லாம் சரியா இருந்தா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகும், அப்போ ஒரு மணி நேரத்துல எட்டு, பத்து மணி நேரத்துல 30 தடவை இரட்டிச்சு 100 கோடியைத் தாண்டிடும். நோட்டுல ஒண்ணு ரெண்டு நாலுன்னு எழுத ஆரம்பிச்ச பசங்க பாதியிலேயே கால்குலேட்டர் கேட்டாங்க. தட்டுல அப்படியே போயிட்டே இருக்காது, சாப்பாடு தீரும், கழிவு சேரும், வளர்ச்சி நின்னுடும். புக்லெட்ல இரட்டிக்கிறதை சொன்னவங்க நின்னு போறதை சொல்லல, நீங்க சொல்லிடுங்க.

ஒரு பாகத்துல பஞ்சு பஞ்சா சாம்பல் கலர்ல வந்துச்சு. பசங்க எல்லாம் அதுதான் பெரிய பாக்டீரியான்னு ஒரே குஷி. அது பூஞ்சை, பாக்டீரியாவே கிடையாது, அதோட செல்லுக்குள்ள நம்ம செல் மாதிரியே தனியா நியூக்ளியஸ் இருக்கு, பாக்டீரியாவுக்கு அது இல்ல, அதோட டி.என்.ஏ செல்லுக்குள்ள சவ்வு எதுவும் மூடாம சும்மா சுருண்டு கிடக்கும். புக்லெட்ல "தட்டில் வளர்வது எல்லாம் பாக்டீரியா"ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அது தப்பு. காத்துல பூஞ்சை வித்து எப்பவும் மிதந்துட்டே இருக்கும், வீட்ல செய்யற தட்டுல பூஞ்சை வராம இருந்தாதான் ஆச்சரியம். ரெண்டு வரி சேர்த்திருந்தா போதும்.

இன்னொண்ணு, சோப்பு போட்ட விரல் பாகம் சுத்தமா இருக்கும்னு எதிர்பார்த்து ஏமாறாதீங்க. சில சமயம் அதுலயும் நிறைய வரும். தோல்ல நிரந்தரமா குடியிருக்கிற பாக்டீரியா இருக்கு, கழுவும்போது தோல் ஊறி தேய்ஞ்சு அதுங்க மேல வந்துடும், பெரும்பாலும் சாதுவானதுதான். வெளியிலேர்ந்து ஒட்டிக்கிட்டு வர்றதைத்தான் சோப்பு நல்லா எடுத்துட்டுப் போகுது, நோய் தர்றதும் அனேகமா அந்த வெளி ஆளுங்கதான். இதைச் சொல்லாம விட்டா "அப்போ கை கழுவி என்ன யூஸ்"னு பசங்க தப்பான முடிவுக்கு வந்துடுவாங்க. புக்லெட்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

பாதுகாப்பு விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பா பேசுவேன். தட்டை "வெதுவெதுப்பான இடத்தில்" வைக்கணும்னு போட்டிருக்காங்க, எத்தனை டிகிரின்னு இல்ல. 37 டிகிரி நம்ம உடம்பு சூடு, நமக்கு நோய் தர்ற பாக்டீரியாவுக்கு ரொம்பப் பிடிச்ச சூடும் அதுதான், அதனால பசங்க வளர்க்கிற தட்டை அந்த சூட்டுல வைக்கவே கூடாது, 25 டிகிரியை ஒட்டி ரூம் சூட்டுல இருந்தாலே போதும், கொஞ்சம் மெதுவா வளரும் அவ்வளவுதான். வளர்ந்ததுக்கு அப்புறம் மூடியைத் திறக்கவே கூடாது, மூடியோட சேர்த்து டேப் ஒட்டிடணும், வளரும்போது ரெண்டு மூணு இடத்துல சின்ன துண்டா ஒட்டினா போதும், முழுசா சுத்தி சீல் பண்ணினா உள்ள காத்து இல்லாம வேற மாதிரி பாக்டீரியா தலை தூக்க வாய்ப்பு இருக்கு. இவ்வளவும் இருக்கும்போது புக்லெட் அட்டையில ஒரு பையன் மூடியைத் திறந்து மூக்குகிட்ட வச்சு லென்ஸ்ல பார்க்கிற மாதிரி படம் போட்டிருக்காங்க. உள்ள "திறக்காதே"ன்னு எழுதியிருக்கு, ஆனா பசங்க முதல்ல பார்க்கிறது படத்தைத்தான். அந்தப் படத்தை மாத்தியே ஆகணும்.

முடிஞ்சதும் தட்டை அப்படியே குப்பையில போடக்கூடாது. பெரியவங்க யாராவது கிளவுஸ் போட்டுக்கிட்டு, தண்ணி கலந்த பிளீச்ல தட்டு முழுசா மூழ்கற மாதிரி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, அப்புறம் கவர்ல கட்டிப் போடணும். பசங்க கையில குடுக்காதீங்க.

அடுத்து மைக்ராஸ்கோப். பெட்டி மேல 1200 மடங்குன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, அதை நம்பி வாங்காதீங்க. எத்தனை மடங்கு பெருசாக்குதுங்கிறதை விட, பக்கத்துல பக்கத்துல இருக்கிற ரெண்டு புள்ளியை ரெண்டாவே பிரிச்சுக் காட்டுமாங்கிறதுதான் முக்கியம், அந்தத் திறமை லென்ஸ்ல இருக்கு, மடங்கு எண்ணிக்கையில இல்ல. நல்ல லேப் மைக்ராஸ்கோப்லயே ஆயில் விட்டு பார்க்கிற லென்ஸ் போட்டாதான் 0.2, 0.3 மைக்ரோமீட்டர் வரைக்கும் பிரிக்க முடியும் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர்). இந்த கிட் மைக்ராஸ்கோப்ல 400-க்கு மேல போனா படம் பெருசாகுது, தெளிவு மட்டும் கூடல, மங்கலா ஒரு நிழல்தான். 400 வரைக்கும் உண்மையிலேயே நல்லா இருக்கு, அதுக்கு நான் கியாரண்டி. கீழ இருக்கிற எல்.இ.டி லைட்டும் பரவாயில்ல. ஃபோகஸ் திருகு மட்டும் கொஞ்சம் லூசு, கையை எடுத்ததும் லேசா இறங்கிடுது.

அந்த 400-லயே ஒரு அருமையான காட்சி கிடைக்கும், இதை மட்டும் கண்டிப்பா பண்ணிப் பாருங்க. சுத்தமான பஞ்சுக் குச்சியால கன்னத்தோட உள்பக்கம், பல் ஓரம் லேசா தேய்ச்சு, ஸ்லைடுல ஒரு சொட்டு தண்ணில தடவி காயவிட்டு, மெத்திலீன் புளூ ஒரு சொட்டு விட்டு கழுவி பார்க்கணும். பெரிசா கோணல்மாணலா வெளிர் நீலத்துல ஒரு செல், அது நடுவுல அடர் நீலத்துல நியூக்ளியஸ், இது நம்ம கன்னத்து செல். அதுமேலயும் சுத்தியும் ஊசி முனையால குத்தின மாதிரி கரு நீலப் புள்ளிங்க, சில இடத்துல சின்ன கோடு கோடா, சில இடத்துல முத்து கோத்த மாதிரி வரிசையா.

"அம்மா, இந்தப் புள்ளி எல்லாம் சாயத்தோட அழுக்கா?"

"ஒரே அளவுல வரிசையா இருக்கான்னு பாரு, ஃபோகஸை மட்டும் மெதுவா திருப்பு."

"எல்லாம் ஒரே சைஸ்தான்மா... ஐயோ, இது எல்லாம் என் வாய்ல இருந்ததா?"

அதேதான். கன்னத்து செல் 50, 60 மைக்ரோமீட்டர் இருக்கும், பாக்டீரியா ஒண்ணு ரெண்டு மைக்ரோமீட்டர், ரெண்டையும் ஒரே வட்டத்துக்குள்ள பக்கத்துல பக்கத்துல பார்த்துட்டா அளவு வித்தியாசத்தை வாயால சொல்லிப் புரிய வைக்க வேண்டிய அவசியமே இல்ல. ஆன்டனி வான் லூவன்ஹூக் 1683-ல தன் பல்லுல இருந்த மாவு மாதிரி படலத்தை சுரண்டி, தானே செஞ்ச லென்ஸ்ல பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு லெட்டர் எழுதினாரே, கிட்டத்தட்ட அதே காட்சி. இவ்வளவு நல்ல சோதனை புக்லெட்ல கடைசி பக்கத்துல பொடி எழுத்துல இருக்கு, முதல் பக்கத்துல இருக்க வேண்டியது.

இதைப் பார்த்து முடிச்சதும் எல்லா பசங்களும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், "அப்போ வைரஸ் எங்க?" இங்கதான் கிட் தடுமாறுது.

வைரஸ் இந்த மைக்ராஸ்கோப்ல தெரியவே தெரியாது, எந்த சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்லயும் அனேகமா தெரியாது. போலியோ வைரஸ் 30 நானோமீட்டர், ஃப்ளூ வைரஸ் 100 நானோமீட்டர் பக்கம், அதாவது ஒரு மைக்ரோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தோட அலைநீளமே 400-லேர்ந்து 700 நானோமீட்டர், அதை விட இவ்வளவு சின்னதா இருக்கிறதை அந்த வெளிச்சத்தால பிரிச்சுக் காட்ட முடியாது. 1931-ல எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மேக்ஸ் நாலும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் செஞ்சதுக்கு அப்புறம்தான், 1930-கள் கடைசியில, முதல் தடவையா வைரஸோட படத்தைப் பார்க்க முடிஞ்சுது. அதுக்கு 40 வருஷம் முன்னாடியே வைரஸ்னு ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாங்க, அதுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம். புகையிலைச் செடிக்கு வர்ற ஒரு நோயை ஆராய்ச்சி பண்ணின இவனோவ்ஸ்கி 1892-ல நோய் வந்த இலைச் சாறை பாக்டீரியாவே நுழைய முடியாத பீங்கான் ஃபில்டர்ல வடிகட்டினார், வடிஞ்ச சாறு அப்பவும் நல்ல செடிக்கு நோயைக் குடுத்துச்சு. 1898-ல பைஜெரிங்க் அதே மாதிரி பண்ணிட்டு இது பாக்டீரியா இல்ல, வேற வகை, உயிருள்ள செல்லுக்குள்ள போனாதான் பெருகுதுன்னு சொன்னார். கண்ணால பார்க்காமலே யோசிச்சு கண்டுபிடிச்சது. இந்தக் கதை கிட்ல எங்கயுமே இல்ல. அகாருக்கு அரைப் பக்கம் குடுத்தவங்க இதுக்கும் குடுத்திருக்கலாம்.

அதுக்குப் பதிலா ரெண்டு வைரஸ் மாடல் குடுத்திருக்காங்க. ஒண்ணு சுத்தி முள்ளு முள்ளா இருக்கிற உருண்டை, இன்னொண்ணு தலை, வால், ஆறு கால் வச்ச டி4 ஃபேஜ்ங்கிற வைரஸ். செஞ்சிருக்கிற விதம் அழகு, பிரிச்சா உள்ள ஆர்.என்.ஏ, டி.என்.ஏ சுருள் தனியா வருது, மேல புரத உறை, உருண்டை மாடல்ல அதுக்கும் மேல கொழுப்புப் படலம்னு அடுக்கடுக்கா. ஆனா பாக்டீரியா மாடலும் வைரஸ் மாடலும் ஒரே சைஸ்! பக்கத்துல பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. நாங்க என்ன பண்ணினோம்னா அந்த பாக்டீரியா மாடல் 20 சென்டிமீட்டர் நீளம், அதை 2 மைக்ரோமீட்டர் ஈ.கோலைன்னு வச்சுக்கிட்டா ஃப்ளூ வைரஸ் 1 சென்டிமீட்டர், போலியோ வைரஸ் 3 மில்லிமீட்டர்தான் வரணும்னு கணக்கு போட்டு, பேப்பர்ல வட்டம் வெட்டி மாடல் பக்கத்துல ஒட்டினோம். பத்து நிமிஷ வேலை. அந்த 3 மில்லிமீட்டர் வட்டத்தை கையில எடுக்கவே பசங்களால முடியல, அப்பத்தான் அளவு உறைச்சுது.

கலரும் அப்படித்தான். சிவப்பு முள்ளு, பச்சை உடம்புன்னு மாடல்ல இருக்கிறது கற்பனை, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் எல்லாம் கறுப்பு வெள்ளைதான், பார்க்க வசதிக்கு அப்புறமா கலர் குடுக்கிறாங்க. சின்ன விஷயம்தான், ஆனா ஒரு பையன் "பச்சை வைரஸ் ஆபத்தா சிவப்பு வைரஸ் ஆபத்தா"ன்னு கேட்டான், அதனால சொல்றேன்.

இதை விட பெரிய குறை கார்டுல இருக்கு. வைரஸ் கார்டுல முதல் வரியே "மிகச் சிறிய உயிரினம்"னு ஆரம்பிக்குது. வைரஸ் செல் கிடையாது. சாப்பிடாது, சக்தி தயாரிக்காது, வளராது, தானா பிரிஞ்சு ரெண்டாகாது, புரதம் செய்யற ரைபோசோம் கூட அதுகிட்ட இல்ல. ஒரு உறைக்குள்ள மடிச்சு வச்ச செய்முறைக் குறிப்பு மாதிரி, அவ்வளவுதான் அது. பொருத்தமான செல்லுல ஒட்டி உள்ள போய், அந்த செல்லோட மெஷினை வச்சே தன்னோட பாகங்களை செய்ய வச்சு, பாகம் எல்லாம் தானா ஒண்ணு சேர்ந்து புது வைரஸா வெளிய வருது, பல சமயம் அந்த செல் வெடிச்சே போயிடும். உயிரா இல்லையான்னு விஞ்ஞானிங்களே இன்னும் வாதம் பண்றாங்க. வென்டெல் ஸ்டான்லி 1935-ல புகையிலை வைரஸை உப்பு மாதிரி படிகமாவே ஆக்கிட்டார், கரைச்சு செடியில போட்டா திரும்ப நோய் வந்துச்சு. இந்த வாதத்தை அப்படியே பசங்க முன்னாடி வச்சா எவ்வளவு ஆர்வமா பேசுறாங்க தெரியுமா, அதை ஒரு தப்பான வரியில மூடிட்டாங்களேன்னுதான் வருத்தம்.

இவ்வளவு நல்ல அகார் தட்டை கையில குடுத்துட்டு அதை வச்சே கேக்க வேண்டிய ஒரு கேள்வியை கிட் கேக்கவே இல்ல: இந்தத் தட்டுல வைரஸ் ஏன் வளராது? சளி பிடிச்ச ஒருத்தர் தும்மின துளி தட்டுல விழுந்திருந்தா கூட அதுல இருக்கிற வைரஸ் ஒரு புள்ளி கூட வைக்காது, ஏன்னா தட்டுல சாப்பாடு இருக்கு, உயிருள்ள செல் இல்ல. பாக்டீரியாவுக்கு சாப்பாடு போதும், அது தனி ஆளா குடும்பம் நடத்தும். வைரஸுக்கு வேற ஒருத்தரோட செல் வேணும். ரெண்டுக்கும் இருக்கிற மொத்த வித்தியாசமும் இந்த ஒரு கேள்வியில வந்துடுது. வைரஸை வீட்ல வளர்க்க சோதனை குடுக்கணும்னு நான் சொல்லல, குடுக்கவே கூடாது. கேள்வியை மட்டும் கேட்டிருக்கலாம். நாங்க கேட்டோம், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு எங்க பொண்ணு சொன்ன பதில் "அதுக்கு வீடு இல்ல, வெறும் சாப்பாடுதானே இருக்கு". சரியான பதில்.

ஃபேஜ் மாடலை வச்சு இன்னொண்ணும் சொல்லலாம். அது பாக்டீரியாவையே தாக்குற வைரஸ், பாக்டீரியா மாடல் மேல காலை ஊனி நிக்க வச்சா பசங்க கண்ணு விரியுது, பாக்டீரியாவுக்கே வைரஸ் காய்ச்சலான்னு. 1915-ல ட்வோர்ட், 1917-ல டி ஹெரெல்னு ரெண்டு பேரு தனித்தனியா இதைக் கண்டுபிடிச்சாங்க. டி4 தன்னோட டி.என்.ஏவை மட்டும் உள்ள இறக்கிட்டு உறையை வெளியவே விட்டுடும்.

இப்போ நான் கோபப்பட்ட இடம். மருந்து கார்டு. "ஆன்டிபயாடிக் கிருமிகளைக் கொல்லும்"னு பெருசா போட்டிருக்கு, கிருமின்னா எதுன்னு கீழ ஒரு விளக்கமும் இல்ல. நோய் கார்டு மேல அதுக்கான மருந்து கார்டை வைக்கிறதுதான் கேம், பசங்க அதை எடுத்து ஃப்ளூ கார்டு மேலயும் டெங்கு கார்டு மேலயும் வச்சாங்க, கேம் ரூல்படி பாயின்ட்டும் கிடைக்குது! ஆன்டிபயாடிக் வைரஸை ஒண்ணும் பண்ணாது. காரணம் ரொம்ப எளிமையானது, இந்த வயசு பசங்களுக்கு நல்லாவே புரியும். 1928-ல அலெக்சாண்டர் ஃப்ளெமிங் கண்டுபிடிச்ச பென்சிலினை எடுத்துக்கோங்க, பாக்டீரியா தன்னைச் சுத்தி கட்டுற செல் சுவரை அது சரியா கட்ட விடாது, சுவர் பலவீனமாகி உள்ள இருக்கிற அழுத்தத்துல பாக்டீரியா உடைஞ்சு போயிடும். நம்ம செல்லுக்கு அந்தச் சுவர் இல்ல, அதனால நமக்கு ஒண்ணும் ஆகல. வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்ல, அதனால அதுக்கும் ஒண்ணும் ஆகல. வேற சில ஆன்டிபயாடிக் பாக்டீரியாவோட ரைபோசோமைப் பிடிக்கும், வைரஸ்கிட்ட அதுவும் இல்ல. அடிக்க வேண்டிய இடமே இல்லாதப்போ மருந்து எங்க அடிக்கும்?

இதை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடற பழக்கம் இந்தக் குழப்பத்துலேர்ந்துதான் வருது. தேவையில்லாம போடும்போது உடம்புல இருக்கிற பாக்டீரியாவுல மருந்துக்கு அசராதது மட்டும் மிச்சமாகி பெருகும், அடுத்த தடவை நிஜமாவே வேணும்கிறப்போ மருந்து கேக்காது. ஃப்ளெமிங்கே 1945-ல நோபல் உரையில இதை எச்சரிச்சிருக்கார். பன்னிரண்டு வயசுல இதைத் தப்பா கத்துக்கிட்ட குழந்தை பெரியவங்களானதுக்கு அப்புறமும் அப்படியே இருப்பாங்க. அந்த கார்டுல கிருமிங்கிற வார்த்தையை அடிச்சுட்டு பாக்டீரியான்னு பேனாவுல எழுதி வச்சுட்டேன்.

நோய் கார்டு மத்தபடி பரவாயில்ல. காலரா, டைஃபாய்டு, காசநோய், டெட்டனஸ் பாக்டீரியா பக்கம், அம்மை, போலியோ, ரேபிஸ், டெங்கு வைரஸ் பக்கம், எல்லாம் சரி. நிமோனியாவை மட்டும் பாக்டீரியா பக்கம் தனியா போட்டுட்டாங்க, அது வைரஸாலயும் வரும், அறிகுறியைப் பார்த்து மட்டும் எதுன்னு சொல்ல முடியாது, டெஸ்ட் பண்ணித்தான் டாக்டரே முடிவு பண்ணுவாங்க. தடுப்பூசி கார்டு வைரஸுக்கு மட்டும் செல்லும்னு ரூல்ல இருக்கு, அதுவும் தப்பு, டெட்டனஸுக்கு தடுப்பூசி இருக்கு, காசநோய்க்கான பி.சி.ஜி 1921-லேர்ந்தே இருக்கு. 1980-ல பெரியம்மை உலகத்துலயே இல்லாம போச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சதை ஒரு தனி கார்டா போட்டிருக்காங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

நல்ல பாக்டீரியாவுக்கு மூணே மூணு கார்டுதான். நம்ம உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்குன்னு 2016-ல ஒரு கணக்கு போட்டாங்க, நம்ம சொந்த செல் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குடல்ல வைட்டமின் கே தயாரிக்கிறது, பயறு வகைச் செடி வேர்ல ரைசோபியம்ங்கிற பாக்டீரியா நைட்ரஜனைப் பிடிச்சு வைக்கிறது, சயனோபாக்டீரியா கோடிக்கணக்கான வருஷம் வேலை பார்த்து பூமிக்கு ஆக்சிஜன் குடுத்ததுன்னு சொல்றதுக்கு எவ்வளவோ இருக்கு. கிட் முடிஞ்சதும் ஒரு பொண்ணு கையைக் கழுவிக்கிட்டே இருந்தா, பாக்டீரியான்னாலே பயம் வந்துடுச்சு. இன்னும் நாலு நல்ல கார்டு இருந்திருந்தா அந்தப் பயம் வந்திருக்காது.

வாங்கலாமான்னு கேட்டா, வாங்கலாம், பக்கத்துல ஒரு பெரியவங்க உக்கார முடிஞ்சா மட்டும். பசங்க கையில குடுத்துட்டு நகர்ந்துடற கிட் இது இல்ல, சூடு தண்ணியும் பிளீச்சும் மட்டும் காரணமில்ல, மேல சொன்ன திருத்தம் எல்லாம் யாராவது வாயால சொல்லணும். ஏற்கனவே ஓரளவு நல்ல மைக்ராஸ்கோப் வீட்லயோ ஸ்கூல்லயோ இருந்தா தட்டு மட்டும் தனியா வர்ற சின்ன பேக் எடுத்துக்கோங்க, அதே போதும். அகார் பொடி தீர்ந்து தனியா வாங்குறவங்க நியூட்ரியன்ட் அகார்னு கேட்டு வாங்குங்க, வெறும் அகார்ல பாக்டீரியாவுக்கு சாப்பாடு எதுவும் இல்ல, தட்டு கெட்டியாகும், ஆனா சரியா ஒண்ணும் வளராது. கம்பெனிக்கு இதையெல்லாம் எழுதி மெயில் அனுப்பியிருக்கேன், அட்டைப் படம், மருந்து கார்டு, வைரஸ் கார்டோட முதல் வரி இந்த மூணை மாத்தினாலே அடுத்த பதிப்புக்கு அஞ்சு ஸ்டாரும் குடுத்துடுவேன், இப்போதைக்கு மூணரை.